முகவரிக் கட்டம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். இங்கே நான்கு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன; வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகுகிறான். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றாய், என்ன உடம்பு என்று சொல்லவில்லை. உன் தங்கை ஒரு நர்ஸ் என்பது உனக்கு நினைவிருக்கட்டும்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே "சரி, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை உன்னால் எழுந்து போக முடியாது. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால் தலையை நக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஆய்வுக்காகக் கேட்ட பிரசவப் பதிவேட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். போன வருடம் முழுவதும், மாதவாரியாக. தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், குழந்தையின் எடை, முகவரி எல்லாம் இருக்கிறது. பெயர்களை மட்டும் காகிதம் வைத்து மறைத்துவிட்டேன். டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார். எல்லாம் என் கையெழுத்துதான், கோழி கிளறியது என்று நீ கேலி செய்வாயே, அதே எழுத்து.

ஏரி இன்னும் கீழே போய்விட்டது. படகுத்துறையின் கடைசிப் படியில் நின்றால் தண்ணீருக்குப் போக இன்னும் நாற்பது அடி நடக்க வேண்டும். பக்கத்து வட்டாரங்களின் இரண்டு சுகாதார நிலையங்களும் பூட்டியது பூட்டியபடியே கிடக்கின்றன. அங்கே போக வேண்டியவர்களும் என்னிடமே வருகிறார்கள். ஒரே ஒரு பிரசவ மேசை, அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

பெரியவள் கேட்கிறாள், மாமா வீட்டில் விளையாட ஏன் ஆளே இல்லை என்று. நான் என்ன பதில் சொல்வது? அண்ணியைக் கேட்டு எழுது.

பதிவேட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகவரிக் கட்டத்தில்... வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, யாரோ வலியோடு வந்திருக்கிறார்கள். மிச்சம் பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாயாடி

மார்ச் 19

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்கு வெறும் காய்ச்சல்தான், தேறிவிட்டாள். மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

பதிவேடு கிடைத்தது. நீ என்ன அனுப்பியிருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. இரண்டு வருடமாக இந்த ஏரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மழை அளவு இருக்கிறது, ஆழம் இருக்கிறது, ஆட்கள் கணக்குத்தான் இல்லாமல் இருந்தது. உன் கோழிக் கிளறலில் அது கிடைத்துவிட்டது. ஏரிக்கரைக் குடியிருப்பு என்ற முகவரியில் ஒரே வருடத்தில் தொண்ணூற்று மூன்று குழந்தைகள். அங்கே இருப்பதே ஆயிரத்து ஐந்நூறு பேர். கூட்டிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஓர் ஏரி இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள், அதைச் சொல்லத் துணிவதில்லை. யாராவது சொல்ல வேண்டும்.

பெரியவளுக்குப் பதில் இதுதான்: மாமாவும் அத்தையும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தப் பூமியில் இருக்கிற வாய்கள் போதும். எங்கள் பங்குக்கு ஒன்றைக் குறைத்திருக்கிறோம். அவள் வளர்ந்ததும் புரிந்துகொள்வாள்.

முகவரிக் கட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாய். என்ன அது?

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். எனக்குத்தான் இரண்டு வாரமாகத் தலை சுற்றுகிறது. வெயிலாக இருக்கும்.

அன்றைக்கு வந்த வண்டியில் இரட்டைப் பிள்ளைகள். மேசை ஆடாமல் இருக்க உன் பழைய புவியியல் புத்தகத்தை மடக்கிக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீ படித்த படிப்பு வீணாகவில்லை.

வாய்களைப் பற்றி எழுதியிருந்தாய். அண்ணா, என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர், "இதோட போதும் நர்ஸம்மா, ஏதாவது வழி சொல்லுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரைதான் பதினைந்தாம் தேதியே தீர்ந்துவிடுகிறது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடேன்.

இன்னொன்று. உன் மாப்பிள்ளை வடகரையில் குளிர்பான ஆலையில் பம்ப் ஆபரேட்டர் என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஏரியிலிருந்து பத்து மணி நேரம் தண்ணீர் இழுத்த பம்ப் இப்போது இருபத்திரண்டு மணி நேரம் ஓடுகிறது. மிச்ச இரண்டு மணி நேரம் அது சூடு ஆறுவதற்கு. நீ இதையும் எழுதியிருப்பாய் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கட்டத்தைப் பற்றிக் கேட்டாயே, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

விடுமுறைக்கு வாருங்கள். அண்ணியை நான் கேட்டதாகச் சொல்.

வாயாடி

மே 20

அன்பு வாயாடிக்கு,

நலம்தானே? தலைசுற்றல் நின்றதா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. மூச்சு விட நேரமில்லை.

அறிக்கை வெளிவந்துவிட்டது. செய்தித்தாளில் என் படம் வந்திருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன். தலை கொஞ்சம் சொட்டையாகத் தெரிகிறது, அதைப் பார்க்காதே. அமைச்சர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு முழுவதையும் கேட்டார்கள். எட்டாம் பக்கத்தில் இருக்கிற ஒரு வரியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள்: "ஏரிக்கரைக் குடியிருப்பில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் அறுபத்திரண்டு குழந்தைகள் பிறக்கின்றன, நாட்டின் சராசரியைப்போல் இது மூன்று மடங்கு." அந்த வரி உன்னால் வந்தது. முன்னுரையில் 'களப் பணியாளர் ஒருவருக்கு நன்றி' என்று போட்டிருக்கிறேன். பெயர் போட விதி இடம் தரவில்லை.

ஏரியைக் காப்பாற்ற ஒரு குழு அமைக்கப் போகிறார்களாம். இத்தனை வருடம் அலமாரியில் தூங்குவதற்கென்றே எழுதிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக ஒருவர் எடுத்துப் படித்திருக்கிறார். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அண்ணி நலம். அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்கு யாரும் நலமில்லை.

சுகாதார நிலையச் சுவரில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில், ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரை வீடுகளை டிசம்பருக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லாத குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீடு. மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உன் அறிக்கையின் எட்டாம் பக்க வரி பெரிய எழுத்தில்.

நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து ஏரிக்கரைப் பெண்கள் வருவது நின்றுவிட்டது. போன வாரம் ஒருத்தி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தானே பெற்றெடுத்திருக்கிறாள். மூன்றாவது பிள்ளை. பதிவேட்டில் ஏறினால் வீடு போய்விடும் என்று பயம். எனக்குச் சேதி வந்து நான் ஓடுவதற்குள் ரத்தம் நிறையப் போயிருந்தது. பிழைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக என் கையில் பதிவேடு இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

பெரிய விஷயமில்லை என்று நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வரும் தடுப்பூசியும் சத்து மாத்திரையும் முகவரிக் கட்டத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. வெளியூர் என்று எழுதினால் அந்தக் குழந்தைக்கு உரியது பூட்டிக் கிடக்கிற நிலையத்தின் பேரில் போய்விடும், யார் கைக்கும் கிடைக்காது. அதனால் எங்கிருந்து வந்தவள் ஆனாலும் முகவரிக் கட்டத்தில் 'ஏரிக்கரை' என்றே எழுதினேன். அவர்கள் ஏரிக்கரையில் தங்கக்கூட இல்லை. வண்டியில் வந்தார்கள், பெற்றார்கள், மறுநாள் வண்டியில் போனார்கள். தொண்ணூற்று மூன்றில் உண்மையிலேயே ஏரிக்கரைப் பிள்ளைகள் முப்பத்தொன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நான் செய்தது தப்பு. உன்னிடம் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. நீ கேட்டபோது வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இப்போது நீ எழுதித் திருத்திவிடு. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி குழு இங்கே விசாரணைக்கு வருகிறது.

உன் அறிக்கையை வாங்கிப் படித்தேன். நூற்றுப்பதினாறு பக்கம். ஆள் கணக்கு இருக்கிறது, அண்ணா. பம்ப் கணக்கு எங்கே?

வாயாடி

ஜூன் 25

தங்கைக்கு,

நலம். நலம் அறிய விருப்பம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அரசாங்கப் பதிவேட்டில் ஒரு வருடம் முழுவதும் பொய் எழுதியிருக்கிறாய். அதை எனக்கு அனுப்பியிருக்கிறாய். கேட்டபோது பெரிய விஷயமில்லை என்றிருக்கிறாய். நான் இப்போது குழுவுக்கு எழுதினால் அடுத்த வாரமே உன் வேலை போகும், வழக்கும் வரலாம். அது உனக்குப் புரிகிறதா?

எண் குறைந்தாலும் போக்கு மாறாது. முப்பத்தொன்று என்றாலும் ஏரி வற்றத்தான் செய்கிறது, கரையில் ஆட்கள் கூடத்தான் செய்கிறார்கள். அறிக்கையின் அடிப்படை தப்பில்லை. ஆலை தொழில்துறையின் கீழ் வருகிறது. எங்கள் ஆய்வின் வரம்பு வீட்டு உபயோகம் மட்டும்.

இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. விசாரணைக்கும் போகாதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணன்

ஜூலை 6

அண்ணாவுக்கு,

என் நலத்தைக் கேட்டாயே, சொல்கிறேன். எனக்கு ஐந்தாவது மாதம். ஏப்ரலில் வந்த தலைசுற்றல் வெயிலால் வந்ததில்லை. உன் கடிதங்களில் வாய், வாய் என்று படித்துவிட்டு உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. இது மூன்றாவது. எங்கள் வீடும் கரையில்தான் இருக்கிறது. உன் கணக்குப்படி எங்களுக்கு மாற்று வீடு கிடையாது. உன் மாப்பிள்ளை எப்போதும்போல் வேலைக்குப் போகிறார், இருபத்திரண்டு மணி நேரம் ஓடுகிற பம்புக்கு எண்ணெய் போடுகிறார், வருகிறார்.

போக்கு மாறாது என்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு பெற்றாளே, அவளிடம் வந்து போக்கைப் பற்றிச் சொல்லு.

உனக்குப் பிள்ளை வேண்டாம் என்பது உன் இஷ்டம். யாரும் கேட்கவில்லை. ஆனால் தொட்டில் கட்டாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரார் வீட்டுத் தொட்டிலை எண்ணுவது சுலபம்தான், அண்ணா.

வேறு சேதி இல்லை.

ஜூலை 24

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? கால் வீங்கியிருக்கிறதா? உப்பைக் குறைத்துக்கொள். உனக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

உன் கடைசிக் கடிதத்தை அவர் படித்துவிட்டு மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். அதை எடுத்து நான் படித்தேன், மன்னித்துக்கொள். இத்தனை நாள் உன்னிடமிருந்து மறைத்ததை இனி மறைக்க முடியாது.

எங்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. ஒன்பது வருடமாக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். மூன்று தடவை தங்கிக் கலைந்தது. மூன்றாவது இந்தப் பிப்ரவரியில், நான்கு மாதம் கடந்த பிறகு. காய்ச்சல் என்று அவர் எழுதியது அதைத்தான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள்தான் உனக்கு எழுதிப் பிரசவப் பதிவேடு கேட்டார். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூமிக்காக என்று அவர் முதலில் சொன்னது ஐந்து வருடத்துக்கு முன்னால், அலுவலக விருந்து ஒன்றில். ஒரு பெண்மணி எல்லோர் முன்பும் என்னிடம், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் முந்திக்கொண்டார்: "நாங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். இருக்கிற ஜனத்தொகை போதும்." மேசையே அவரைப் பாராட்டியது. எனக்கு அப்போது அவர்மேல் எவ்வளவு அன்பு வந்தது தெரியுமா? அடுத்த மாதம் அதையே கட்டுரையாக எழுதினார். அப்புறம் கூட்டங்களில் பேசினார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவருக்கு வேலையாகிவிட்டது. இப்போது வீட்டிலும் அதையே சொல்கிறார், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொட்டிலைப் பற்றி நீ எழுதியது மட்டும் கொஞ்சம் வலித்தது.

குழந்தை அசைகிறதா?

அண்ணி

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அசைகிறது, அண்ணி. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு நான் பதிவேடு எழுத உட்கார்ந்தால் உதைக்கிறது.

அண்ணா, நான் என் வாயில் அடித்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேலி செய்திருக்கிறேன். தினமும் பத்துப் பெண்களின் முகத்தைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்கிறவள் நான். என் சொந்த அண்ணி போன தடவை இங்கே வந்து, என் பெரியவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்காமலே இருந்தாளே, அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அந்தத் தொட்டில் வரியை அந்தக் கடிதத்திலிருந்து கிழித்துப் போட்டுவிடு.

ஆனால் மற்ற வரிகள் இருக்கட்டும். இங்கே ஐம்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு உன் துக்கம் தெரியாது, அவர்களுக்கு நோட்டீஸ்தான் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கை எழுதியவர் பதிவேட்டை நம்பினார், தப்பு பதிவேட்டில்தான் என்று மட்டும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

வாயாடி

செப்டம்பர் 14

அண்ணாவுக்கு,

ஆறு வாரமாகத் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குழுவில் மூன்று பேர். மேசையில் அவர்கள் குடிப்பதற்கு வடகரை ஆலையின் பாட்டில்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டைக் கொண்டுபோயிருந்தேன். எந்தெந்த வரி பொய் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தேன், அறுபத்திரண்டு வரி.

தலைவர் அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். உன் கடிதம். "பதிவேட்டில் எந்தப் பிழையும் இல்லை. வெளியூர்த் தாய்மார் பிரசவத்துக்காக ஏரிக்கரையில் சில வாரம் தங்கியிருந்தனர். அந்தத் தற்காலிக முகவரியை நிரந்தர முகவரியாக எடுத்துக்கொண்டது முழுக்க என் தவறு. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்."

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னைக் கேட்டார்: "பதிவேடு சரின்னு அவர் எழுதறார். பதிவேடே பொய்ன்னு நீங்க சொல்றீங்க. அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் கணக்கை மாத்தப் பாக்கறீங்க. பேசி வச்சுக்கக்கூட தெரியலையே" என்றார். மூன்று பேரும் தலையைச் சாய்த்து ஏதோ பேசினார்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலங்களையும் ஏற்பதற்கில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அறிக்கை அப்படியே நிற்கிறது. நோட்டீஸும் நிற்கிறது. பம்ப் நேரத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும் நேரம் முடிந்துவிட்டது. என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய். எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், கோபத்திலும் அழுதேன், வேறு எதற்கோவும் அழுதேன். உண்மையை எழுதியிருந்தாலும் போதும், இல்லை உன் பொய்யை முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தாலும் போதும். நானும் அதையே சொல்லியிருப்பேன், இந்த ஊர் பிழைத்திருக்கும். எனக்கு ஏன் எழுதவில்லை, அண்ணா?

வாயாடி

அக்டோபர் 2

அன்பு வாயாடிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்றால், உனக்கு எழுத உட்கார்ந்தால் பிப்ரவரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டுத் தாளைக் கசக்கிப் போட்டேன். குழுவுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. உன்னிடம் முன்கூட்டியே சொன்னால் நீ தடுப்பாய் என்றும் நினைத்தேன். இந்தக் காரணமும் பாதிப் பொய்தான்.

பிப்ரவரியில் அது பெண் குழந்தை என்று சொன்னார்கள். மறுநாள் எனக்கு ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. உன் பதிவேடு வந்தது. தொண்ணூற்று மூன்று என்று கூட்டல் வந்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை, தங்கச்சி. கோபம் வந்தது. அவ்வளவு பேருக்கு எப்படி என்று. அந்தக் கோபத்தோடுதான் எட்டாம் பக்கத்தை எழுதினேன். ஓர் ஆய்வாளன் அந்த எண்ணைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சந்தேகப்படுவது. எனக்குச் சந்தேகப்பட விருப்பமில்லை. ஆலையை வெளியே நிறுத்தும் வரம்பை மேலே இருப்பவர்கள்தான் போட்டார்கள். நான் அதை ஏன் என்று கேட்கவில்லை.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே வருகிறேன். வீடு வீடாக ஏறி நானே எண்ணுகிறேன். மாப்பிள்ளை சம்மதித்தால் பம்ப் ஓடிய நேரத்தையும் நாள்வாரியாக எழுதிக்கொள்கிறேன். ஏற்பார்களா என்று தெரியாது, ஆனால் அது சரியான கணக்காக இருக்கும். அண்ணி வரவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்க அவளால் முடியாது என்றாள். என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை.

நிச்சயமாக வருகிறேன். கதவைத் திற.

அண்ணன்

நவம்பர் 12
ஏரிக்கரையிலிருந்து

என் அன்புக்குரியவளுக்கு,

நான் நலம். நீ சாப்பிட்டாயா? அடுப்படி ஜன்னலின் தாழ்ப்பாள் மழைக்கு இறுகிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கிவிட்டு இழு.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டுவிட்டுத்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம். அதனால் எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடு.

நேற்று முன்தினம் மதியம் வாயாடிக்குப் பெண் பிறந்தது. இரண்டு பேரும் சுகம். மாப்பிள்ளை ஆலையில் இருந்தார், பம்பை நிறுத்திவிட்டு வர அனுமதி கிடைக்கவில்லை. பிரசவ அறை வாசலில் நான்தான் நின்றேன். உள்ளே அவள் கத்தின ஒவ்வொரு தடவையும் என் கண்முன் உன் முகம்தான் வந்தது. ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை.

வாயாடியின் இடத்துக்கு ஒரு புது நர்ஸ் வந்திருக்கிறார், நல்ல பெண். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை விரித்தார். தாயின் வயது எழுதினார். மூன்றாவது பிரசவம் என்று எழுதினார். முகவரிக் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்பையே ஊர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். காலி செய்ய டிசம்பர்வரை நாள் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இப்போதே ஊர் இல்லை. அங்கே பிறக்கிற குழந்தைகளுக்கு 'வெளியூர்' என்று எழுதச் சொல்லி உத்தரவு.

"எங்க வீடு இங்கேருந்து தெரியுது. ஜன்னல் வழியா பாருங்க" என்று வாயாடி படுத்தபடியே சொன்னாள். அவளுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை.

அந்த நர்ஸ் என்னைப் பார்த்தார். "தெரியுதுங்க. ஆனா என் எழுத்துல அது இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவையும் அதன்மேல் வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

ஒரு கையில் குழந்தை இருந்தது. மற்றக் கையால் எழுதினேன். ஏரிக்கரை. மேலே பக்கம் பக்கமாக வாயாடியின் கோழிக் கிளறல், பென்சில் குறிகளோடு. கீழே ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் என் எழுத்து. ஒரே கையால் எழுதியதில் அவளுடையதைவிட மோசமாக இருந்தது. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஐந்து வாரமாக எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டேன். சில வீடுகளில் என் முகத்திலேயே சாத்தினார்கள், சாத்தத்தான் வேண்டும். இந்த வருடம் இந்தக் கரையில் பிறந்த குழந்தைகள் இதுவரை இருபத்தாறு. இது இருபத்தேழாவது.

மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையில் வைத்திருக்க அதைவிடக் கனமாக இருக்கிறது. வாயாடி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள், நீ வந்துதான் பெயர் வைக்க வேண்டுமாம், அதுவரைக்கும் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். டிசம்பர் வரைக்கும் இந்த வீடு இருக்கும்.

உன்னுடையவன்